பழைய ஆல்ஃபா வாங்கலாமா? முதலில் அடியில் படுத்துப் பாருங்கள்

கேள்வி: ஐயா, ஒரு பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி, விடுமுறை நாட்களில் என் கையாலேயே சரிசெய்ய வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. இப்போது மூன்று வண்டிகள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, 1974ஆம் வருட ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர் 2000. அமெரிக்காவுக்காகச் செய்த மாடல், ஸ்பிகா இன்ஜெக்‌ஷன் உள்ளது. ஓடுகிறது. ஆனால் புகை தள்ளுகிறது, எண்ணெய் ஒழுகுகிறது, பெயிண்ட் வெளிறிக் கிடக்கிறது. இரண்டாவது, அதே ஆல்ஃபாவின் 1750 ஜிடிவி. பாடிக்குப் புதிதாகச் சிவப்பு அடித்துப் பளபளவென்று நிற்கிறது. இன்ஜினும் மற்ற சாமான்களும் பெட்டிகளில் இருக்கின்றன. ஸ்பைடரை விட விலையும் குறைவு. மூன்றாவது, இன்னும் கொஞ்சம் பணம் புரட்டினால் ஒரு ஃபெராரி மொண்டியால். எதை எடுக்கலாம்? ஸ்பிகாவைக் கழற்றி எறிந்துவிட்டு வெபர் கார்புரேட்டர் போடச் சொல்கிறார்களே, செய்யலாமா? எனக்கு ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் உண்டு. வெல்டிங் தெரியாது.

பதில்: ஸ்பைடரை எடுங்கள். ஆனால் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால் அதன் அடியில் நிதானமாகப் படுத்துப் பார்த்துவிட்டு எடுங்கள். அடிப்பாகம் சரியில்லை என்றால் மூன்றையும் விட்டுவிட்டு நான்காவது வண்டி தேடலாம். ஜிடிவியை எடுக்கவே வேண்டாம். ஃபெராரி பற்றி அப்புறம் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் கவனித்தேன். ஸ்பைடரின் குறைகளாகப் புகை, எண்ணெய், வெளிறிய பெயிண்ட் என்று மூன்றைச் சொல்கிறீர்கள். அந்த மூன்றுமே கண்ணுக்குத் தெரிகிற குறைகள், கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய குறைகள். ஜிடிவிக்குக் குறையே சொல்லவில்லை. அதற்குக் காரணம் அந்தச் சிவப்புப் பெயிண்ட். குறை இருக்கிறதா இல்லையா என்று பார்க்கவே முடியாதபடி அது மூடி வைத்திருக்கிறது.

அறுபது, எழுபதுகளில் வந்த இத்தாலிய வண்டிகளில் இன்ஜினால் செத்தவை குறைவு, பாடி மக்கிப்போய்ச் செத்தவைதான் அதிகம். ஆல்ஃபாவின் இரட்டை கேம்ஷாஃப்ட் இன்ஜினையே எடுத்துக்கொள்ளுங்கள். 1954இல் ஜூலியெட்டாவில் வந்த அலுமினிய இன்ஜினின் வம்சம் அது. அதே வடிவத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஸ்பைடர் 1993இல் நிற்கும்வரை ஓட்டிவிட்டார்கள். அத்தனை வருடம் ஒரே குடும்பம் ஓடியதால் பிஸ்டன், லைனர் (பிஸ்டன் ஏறி இறங்கும் குழாய்), பேரிங், கேஸ்கெட் எல்லாமே இன்றும் புதிதாகக் கிடைக்கும். உங்கள் ஸ்பைடரில் இருப்பது 1962 சிசி. கேம்ஷாஃப்டுக்கு பெல்ட் கிடையாது, செயின். எண்ணெயும் தண்ணீரும் சரியாகப் பார்த்துக்கொண்டால் நீண்ட காலம் உழைக்கும் இன்ஜின்.

பாடி அப்படியில்லை. ஸ்பைடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, தகடுதான் சேஸிஸ். மேலே கூரையும் இல்லை. அப்படியானால் வண்டியை நடுவில் மடங்காமல் பிடித்திருப்பது எது? கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடுகிற பெட்டிதான். அதை சில் என்போம். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று அது மூன்று அடுக்கு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முதல் அடுக்கு மட்டும்தான் தெரியும். நடுத்தகடு மக்கிப்போன வண்டிக்கு வெளியே புதுத் தகடு ஒன்றைப் போர்த்தி வெல்டு வைத்து, மேலே பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து விற்பது இந்தத் தொழிலில் ரொம்பப் பழைய வேலை.

இதைப் பிடிக்க வழி இருக்கிறது. முதலில் கதவு இரண்டையும் மூடிவிட்டு, கதவின் பின்விளிம்புக்கும் பாடிக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே நெருங்கிக் கீழே அகன்றிருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது. அடுத்து, ஜாக்கி வைக்கும் இடத்தில் ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தைத் தூக்குங்கள். தூக்கும்போது கண் அந்த இடைவெளி மேலேயே இருக்கட்டும். அது மாறினாலோ, தூக்கிய நிலையில் கதவைத் திறந்து மூடும்போது இடித்தாலோ, சில்லுக்குள்ளே பலம் இல்லை என்று பொருள். ஜாக்கி வைத்த இடமே நொறுநொறுவென்று சத்தம் போட்டு உள்ளே போனால் மேற்கொண்டு சோதனையே வேண்டாம், மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

அப்புறம் காந்தம். சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். சக்கர வளைவுகளின் விளிம்பு, கதவின் கீழ்ப்பகுதி, சில்லின் முன்முனை, பின்முனை, மூக்குக்குக் கீழே உள்ள தகடு என்று மெதுவாக நகர்த்துங்கள். ஒட்டாமல் வழுக்குகிற இடமெல்லாம் பட்டி. கொஞ்சம் பட்டி இருந்தால் குற்றமில்லை, ஐம்பது வருட வண்டி. ஆனால் உள்ளங்கை அகலத்துக்குக் காந்தம் பிடிக்கவில்லை என்றால் அங்கே தகடே இல்லாமல் இருக்கலாம். பிறகு டிக்கியைத் திறந்து ஸ்பேர் வீலை வெளியே எடுங்கள். அது உட்காரும் குழியில் தண்ணீர் தேங்கித் துரு பிடிப்பது ஸ்பைடரில் சகஜம். இருக்கைகளுக்குப் பின்னால், துணிக்கூரை மடங்கி விழும் இடத்தையும் கை விட்டுத் துழாவுங்கள். அங்கே தண்ணீர் வடியும் வழி அடைத்துக்கொண்டால் அத்தனையும் உள்ளே தரைக்குத்தான் இறங்கும். கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள். நனைந்த பழைய துணி வாடை வருகிறதா என்று குனிந்து முகர்ந்தும் பார்க்கலாம், விற்பவர் என்ன நினைத்தாலும் பரவாயில்லை.

அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு தடவியிருந்தால் உஷாராகுங்கள். விற்பதற்கு முந்தின வாரம் அடிப்பாகத்துக்குத் தார்ப்பூச்சு அடிப்பவர் வண்டியின் நன்மைக்காக அடிப்பதில்லை. மேலெல்லாம் வெளிறி, அடியில் பழைய எண்ணெயும் அழுக்கும் அப்பிக் கிடக்கிறதா? நல்லது. எண்ணெய் அப்பிய இடத்தில் தகடு பத்திரமாக இருக்கும். இந்த வண்டிகளில் எண்ணெய் ஒழுகல் செய்த ஒரே உபகாரம் அதுதான்.

இந்த இடத்தில் பலரும் ஒரு கதை சொல்வார்கள். ஃபியட் 1966இல் சோவியத் நாட்டோடு ஒப்பந்தம் போட்டு டோல்யாட்டியில் கார் தொழிற்சாலை அமைத்துக் கொடுத்தது, அதற்குக் கைமாறாக மட்டமான ரஷ்ய இரும்பு வந்தது, அதனால்தான் இத்தாலிய வண்டியெல்லாம் துரு பிடித்தது என்று. ஒப்பந்தம் நிஜம். இரும்புக் கதையை நான் நம்புவதில்லை. சில்லை அறுத்துப் பார்த்தால் காரணம் கண்ணெதிரே இருக்கும். பெட்டிக்குள்ளே பெயிண்ட் போயே சேர்ந்திருக்காது, வெறும் தகடாக இருக்கும். தண்ணீர் உள்ளே போக வழி இருக்கும், வெளியே வர இருந்த ஓட்டை சேறு அடைத்து மூடியிருக்கும். எந்த நாட்டு இரும்பாக இருந்தாலும் அந்த நிலைமையில் மக்கத்தான் செய்யும்.

சரி, புகைக்கு வருவோம். புகை என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், நிறம் எழுதவில்லை. நிறத்தில்தான் எல்லாமே இருக்கிறது.

நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. அது எப்போது வருகிறது என்று பாருங்கள். இறக்கத்தில் கியரிலேயே ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு இறங்கி, கீழே வந்ததும் மறுபடி மிதிக்கும்போது குப்பென்று ஒரு மூட்டம் வந்து நின்றுபோனால் அது வால்வ் கைடு, வால்வ் சீல் தேய்மானம். ஹெட் வேலையோடு முடிந்துவிடும். ஏற்றத்தில் அழுத்தி ஓட்டும்போது விடாமல் வந்தால் ரிங், பிஸ்டன், லைனர். அதுவும் தீராத நோய் இல்லை. இந்த இன்ஜினில் சிலிண்டரை போர் செய்து பெரிதாக்க வேண்டியதில்லை. லைனரும் பிஸ்டனும் ஜோடியாக, செட்டாகவே வரும். பழையதை உருவிவிட்டுப் புதியதை வைக்கலாம்.

கறுப்புப் புகை என்றால் எண்ணெய் இல்லை, பெட்ரோல். உங்களிடம் இருப்பது ஸ்பிகா வண்டி என்பதால் இதுதான் எனக்கு முதல் சந்தேகம். டிப் ஸ்டிக்கை உருவி மூக்கில் வைத்துப் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ரிங் தேய்ந்திருக்கிறது என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். தேவைக்கு மேல் பெட்ரோல் பாய்ந்து, சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்குகிறது. எண்ணெயை மாற்றாமல் அந்த நிலையில் ரொம்ப தூரம் ஓட்டினால்தான் ரிங்கும் பேரிங்கும் போகும்.

ஸ்பிகாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கழற்றி எறியச் சொல்பவர்களில் பெரும்பாலோர் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. அமெரிக்காவின் புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக ஆல்ஃபா தன் வண்டிகளில் 1969 முதல் 1981 வரை இதைப் போட்டது. இதே ஸ்பிகா நிறுவனத்தின் இன்ஜெக்‌ஷன்தான் ஆல்ஃபா மாண்ட்ரியாலின் வி8 இன்ஜினிலும் இருந்தது. டீசல் வண்டியின் இன்ஜெக்‌ஷன் பம்பைப் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அதே குடும்பம். கிராங்க்கிலிருந்து பல் வைத்த பெல்ட் ஒன்று பம்பைச் சுற்றுகிறது, உள்ளே பெட்ரோலைத் தள்ளும் தண்டுகளாக நான்கு பிளஞ்சர், சிலிண்டருக்கு ஒன்று. எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் ஒரு வளைவான கேம் முடிவு செய்கிறது. அதன் ஒரு அசைவு இன்ஜின் வேகத்தைப் பார்க்கிறது, இன்னொன்று உங்கள் காலைப் பார்க்கிறது. எலக்ட்ரானிக்ஸ் என்று ஒன்றுமே இல்லாமல் இரும்பை வைத்தே கணக்குப் போடுகிற பொருள் அது.

இதில் அடிக்கடி கெடுவது பம்ப் இல்லை. பம்போடு ஒட்டியிருக்கும் தெர்மோஸ்டாட்டிக் ஆக்சுவேட்டர் என்ற சின்ன உறுப்பு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோலைக் கூட்டிவிட்டு, சூடு ஏற ஏறக் குறைப்பது அதன் வேலை. ஒரு மெல்லிய குழாய் கூலன்ட்டின் சூட்டை அதற்குக் கொண்டுவருகிறது. அந்தக் குழாய் விரிசல் விட்டாலோ, உள்ளே இருக்கும் சரக்கு வெளியேறினாலோ, தண்டு நீளவே நீளாது. பம்ப் பாவம், இன்ஜின் இன்னும் குளிர்ந்தேதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். நன்றாகச் சூடானதும் கருமையாகப் புகைகிறது, ஐடிலில் தடுமாறுகிறது, பெட்ரோல் வாடை தாங்கவில்லை என்றால் முதலில் இதைச் சோதியுங்கள். இன்ஜின் முழுச் சூட்டில் இருக்கும்போது பம்ப் லிவரில் எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும் என்று ஒர்க்‌ஷாப் மேனுவலில் அளவு இருக்கிறது. ஃபீலர் கேஜ் வைத்தே பார்த்துவிடலாம். பிறகு த்ராட்டில் லிங்கேஜ், அதாவது ஆக்சிலரேட்டர் மிதியைப் பம்போடு இணைக்கும் கம்பிகள். அந்தக் கம்பிகளின் பந்து மூட்டுகள் தேய்ந்து ஆடினால், பம்ப் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கலவை சரியாக வராது. இவற்றையெல்லாம் பார்க்காமல் பம்பை மட்டும் முறுக்கிவிட்டுப் போனவர்களால்தான் ஸ்பிகாவுக்குக் கெட்ட பெயர்.

பம்பை நிஜமாகவே கொல்வது ஒன்று உண்டு, வருடக்கணக்கில் நின்ற வண்டியின் பெட்ரோல். டேங்கின் துருவும் தண்ணீரும் பிளஞ்சருக்குள் போனால் அது பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அதற்கு இரண்டு பெட்ரோல் ஃபில்டர், பின்னால் டேங்க் பக்கம் ஒன்று, முன்னால் இன்ஜின் பக்கம் ஒன்று. இரண்டையும் மாற்றுங்கள், டேங்கை இறக்கிக் கழுவுங்கள்.

ஆகவே வெபர் கேள்விக்கு என் பதில்: இப்போது வேண்டாம். வெபர் நல்ல கார்புரேட்டர்தான், சத்தமும் அழகு. ஆனால் ஓடுகிற வண்டியில், கோளாறு இன்னதென்று தெரியாமல் எரிபொருள் அமைப்பையே மாற்றினால், பழைய கோளாறோடு புதுக் கோளாறும் சேரும். எது எதனால் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. முதலில் ஸ்பிகாவைச் சரியாக ஓட வையுங்கள். பம்ப் நிஜமாகவே போய்விட்டது என்று தெரிந்தால் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். அப்படி மாற்றினாலும் கழற்றிய பம்ப், இன்ஜெக்டர், குழாய் எதையும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள்.

சோதனை ஓட்டத்தில் கியர் பாக்ஸையும் பார்த்துவிடுங்கள். இரண்டாவது கியரின் சிங்க்ரோ (கியர் அரைக்காமல் விழ வைக்கும் வளையம்) தேய்வது இந்த வண்டிகளின் பரம்பரைக் குணம். வண்டி குளிர்ந்திருக்கும்போதே கிளம்பி, மூன்றிலிருந்து இரண்டுக்குக் கொஞ்சம் வேகமாக இறக்குங்கள். கர்ரென்று அரைத்தால் சிங்க்ரோ. சூடான பிறகும் அரைத்தால் அதிகத் தேய்மானம். இரண்டில் போகும்போது ஆக்சிலரேட்டரைப் பட்டென்று விட்டால் கியர் தானே கழன்று வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும், விலையில் பேசிக்கொள்ளலாம். விற்பவர் இன்ஜினைச் சூடேற்றி வைத்துவிட்டு உங்களுக்காகக் காத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த வண்டிதான் உண்மை பேசும்.

இப்போது அந்த ஜிடிவி. 1963இல் பெர்ட்டோனே என்ற கார் வடிவமைப்பு நிறுவனத்தில் இளைஞர் ஜியுஜாரோ வரைந்த உடல் அது, அழகில் ஒரு குறையும் சொல்ல முடியாது. 1750 என்பது 1967 முதல் 1972 வரை வந்த மாடல், சந்தையில் அதற்கு நல்ல மதிப்பு உண்டு. அப்படியிருக்க, பெயிண்ட் அடித்த பாடியோடு சேர்த்து ஸ்பைடரை விடக் குறைந்த விலைக்கு ஏன் தருகிறார்கள்? யாரோ ஒருவர் ஆசையாகப் பிரித்தார், பாடி வேலையில் பணம் கரைந்தது, சேர்க்க முடியாமல் நிறுத்திவிட்டார். நீங்கள் வாங்கப்போவது அவர் நிறுத்திய இடத்தை.

தான் பிரிக்காத வண்டியைச் சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எந்த போல்ட் எந்த நீளம், எந்தக் கம்பி எந்த ஓட்டை வழியாகப் போனது, கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவே இருந்த வார் எது என்பதெல்லாம் பிரித்தவர் மூளையில்தான் இருக்கும். அதைவிட மோசம், பெட்டியில் இல்லாதவை. பிஸ்டன் வாங்கிவிடலாம். அந்த வருட மாடலுக்கே உரிய விளக்குச் சட்டம், டேஷ்போர்டு மீட்டர், கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஓரத்து குரோம் பட்டை, இவற்றில் பாதி காணாமல் போயிருந்தால் அந்தப் பாதிக்காக அலைவதிலேயே காலம் போய்விடும். இன்ஜினைப் புதுப்பித்தாயிற்று என்று சொல்வார்கள். ஓடாத இன்ஜினைப் பற்றி யார் எது சொன்னாலும் அதற்கு விலை இல்லை.

அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால் இரண்டு காரியம் செய்யுங்கள். பாடியில் அடித்திருக்கும் சேஸிஸ் எண்ணும் காகிதத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா, அடித்த இடத்தைச் சுற்றி வெல்டு தடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பாவுக்கான 1750 இன்ஜினுக்கு எண்ணின் முன்பகுதி பொதுவாக ஏஆர் 00548 என்று இருக்கும். ஏஆர் 00512 என்று இருந்தால் அது 2000 இன்ஜின். ஓட்டுவதற்கு அதில் நஷ்டமில்லை, மதிப்பில் நஷ்டம் உண்டு. ஆல்ஃபாவுக்கு இத்தாலியில் மிலான் பக்கத்து அரேசேயில் ஆவணக் காப்பகம் இருக்கிறது. சேஸிஸ் எண்ணை வைத்து வண்டி எந்த நிறத்தில், எந்த இன்ஜினோடு பிறந்தது என்று கேட்டுப் பார்க்கலாம். இரண்டாவது, புதுப் பெயிண்ட் அடித்த பாடியின் சில்லுக்குள், ஏதாவது ஓட்டை வழியாகச் சின்ன கேமராவை விட்டுப் பார்க்க விற்பவர் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். வேலை நடக்கும்போது எடுத்த புகைப்படங்களையும் கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்தவர் நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே அவற்றைக் காட்டியிருப்பார்.

மொண்டியால் விஷயம் சுருக்கமாக. 1980இல் வந்த மொண்டியால் 8இல் ஃபெராரி 308இன் குடும்பத்தைச் சேர்ந்த 2926 சிசி வி8 இருக்கிறது. கெட்ட வண்டி என்று ஊர் பேசுகிற அளவுக்கு அது கெட்ட வண்டி இல்லை. ஆனால் டைமிங் பெல்ட் வைத்த இன்ஜின். ஓடினாலும் ஓடாவிட்டாலும் சில வருடத்துக்கு ஒருமுறை பெல்ட்டை மாற்றியே ஆக வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். 1989இல் வந்த மொண்டியால் டி மாடலாக இருந்தால் அந்த பெல்ட்டை மாற்றவே இன்ஜினைக் கீழே இறக்க வேண்டும். யானையை வாங்கிவிடலாம், தீனிதான் தினமும் வேண்டும். முதல் புராஜெக்ட்டாக, அதுவும் "கொஞ்சம் புரட்டினால்" கிடைக்கிற விலையில் இருக்கிற ஃபெராரியை, தொடாதீர்கள்.

ஸ்பைடர் வீட்டுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கே பிரிக்க ஆரம்பிக்காதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். ஓடுகிற வண்டியாக வாங்கியிருக்கிறீர்கள், ஓடுகிற வண்டியாகவே வைத்திருங்கள். முதல் வேலை உயிர் சம்பந்தப்பட்டவை: பெட்ரோல் ஹோஸ் அத்தனையும், பிரேக் ஹோஸ், பிரேக் ஆயில், டயர். பழைய ரப்பர் ஹோஸ் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில் சீக்கிரம் மக்கும், சூடான இன்ஜின் மேல் சொட்டினால் வண்டியே போய்விடும். பிரேக் ஹோஸ் வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே வீங்கி அடைத்துக்கொள்ளும். பெடலை விட்ட பிறகும் ஒரு சக்கரம் மட்டும் இறுக்கமாகச் சுற்றினால் காலிப்பரைக் குறை சொல்வதற்கு முன் ஹோஸை மாற்றிப் பாருங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் செய்த வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் சொல்லும். 2000க்குப் பிறகு வந்த முறை இது. அங்கே மூன்றே இலக்கம் இருந்தால் அது போன நூற்றாண்டு டயர், பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.

அதற்கப்புறம் கூலிங், அப்புறம் எர்த். இத்தாலிய வண்டிக்கு ஒயரிங் கெட்டது என்பார்கள். பாதிக் கோளாறு எர்த் கம்பி பாடியில் பிடிக்கும் இடத்திலும், ஃப்யூஸ் உட்காரும் தகட்டிலும்தான். ஒவ்வொன்றாகக் கழற்றி, பளபளவென்று தேய்த்து, இறுக்கி மாட்டினாலே பல மர்மங்கள் தீர்ந்துவிடும். இதெல்லாம் முடித்துக் கொஞ்ச காலம் ஓட்டுங்கள். எது அவசரம், எது அலங்காரம் என்று வண்டியே சொல்லும்.

இன்ஜினில் கை வைக்கும் நாள் வரும்போது ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். இந்த இன்ஜினின் லைனர்கள் தனித்தனிக் குழாய்கள், பிளாக்குக்குள் தண்ணீரில் நிற்கின்றன. கீழே ரப்பர் வளையம், மேலே அவற்றை அழுத்திப் பிடித்திருப்பது ஹெட் மட்டும்தான். ஹெட்டைத் தூக்கிவிட்டு, பிஸ்டனை மேலே கொண்டுவரலாமே என்று கிராங்க்கைச் சுற்றினால், பிஸ்டனோடு சேர்ந்து லைனரும் மயிரிழை எழும்பும். அது போதும், கீழே உள்ள வளையம் விட்டுப்போகும். ஹெட் கேஸ்கெட் மட்டும் மாற்ற நினைத்தவர், கூலன்ட் அடியில் எண்ணெய் தங்கும் சம்ப்பில் இறங்குவதைப் பார்த்துவிட்டு முழு இன்ஜினையும் இறக்குவார். எனவே ஹெட் வெளியே வந்த உடனே, ஸ்டட்களில் பெரிய வாஷரும் நட்டும் போட்டு லைனர்களைக் கீழே அழுத்திப் பிடித்துவிடுங்கள். திரும்பப் போடும்போது எண்ணெய் மேலே ஏறும் வழிகளைச் சுற்றி வரும் சின்ன ரப்பர் வளையங்களை மறக்காதீர்கள், ஹெட்டிலிருந்து எண்ணெய் ஒழுகுவதும் தண்ணீரில் எண்ணெய் கலப்பதும் பெரும்பாலும் அவற்றால்தான். இன்னொன்று, பழைய எக்ஸாஸ்ட் வால்வை ஏதாவது கருவி செய்யலாம் என்று அறுக்காதீர்கள். சூட்டைக் கடத்துவதற்காக உள்ளே சோடியம் அடைத்திருக்கும், ஈரம் பட்டால் தீப்பிடிக்கும்.

வெல்டிங் தெரியாது என்கிறீர்கள். தெரியாதவர் சில்லில் கற்றுக்கொள்ள வேண்டாம், டிங்கரிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஆனால் அவர் எப்படிச் செய்கிறார் என்று நின்று பாருங்கள். அறுப்பதற்கு முன் கதவு இருக்கும் வெற்றிடத்தில், முன்தூணுக்கும் பின்தூணுக்கும் நடுவே இரும்புக் குழாயை வைத்து முட்டுக் கொடுக்கிறாரா? ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பிறகுதான் மறுபக்கத்தைத் தொடுகிறாரா? புதுத் தகட்டைப் புள்ளி புள்ளியாகப் பிடித்து வைத்துவிட்டு, கதவை மாட்டி இடைவெளி பார்த்து, அதற்கப்புறம் முழு வெல்டு ஓட்டுகிறாரா? இந்த மூன்றுக்கும் ஆமாம் என்றால் நல்ல கைதான். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் அறுத்துப் போட்டுவிட்டார் என்றால் வண்டி வளைந்தே வெல்டு ஆகும், பிறகு எந்தக் கதவும் ஒழுங்காக மூடாது. வேலை முடிந்ததும் பெட்டிக்குள்ளே மெழுகுப் பூச்சு அடிக்கச் சொல்லுங்கள், வடிகால் ஓட்டையைப் பெயிண்ட் மூடிவிடாமல் குச்சியால் திறந்துவிடுங்கள்.

பிரிப்பது, சுத்தம் செய்வது, பிரேக், ஒயரிங், சஸ்பென்ஷன் ரப்பர்கள், உள்ளலங்காரம் எல்லாம் உங்கள் கையாலேயே ஆகும். கிராங்க் கிரைண்டிங் லேத்துக்குப் போகட்டும். பெயிண்டை நீங்கள் அடிக்க ஆசைப்படாதீர்கள். பழைய பிரேக், கிளட்ச் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளித்த இடம் காயும் முன் பக்கத்தில் யாரையும் வெல்டு அடிக்க விடாதீர்கள், அந்தப் புகை விஷம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக்கூடாது என்பதை ஸ்பேனர் பிடித்த உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

பணத்தைப் பொறுத்தவரை கையில் இருப்பதை எல்லாம் வாங்கும் விலையிலேயே கொட்டிவிடாதீர்கள். குறைந்தது அதே அளவு தனியாக இருந்தால்தான் பாதியில் நிற்காது. காலத்தைப் பொறுத்தவரை, நம்பி ஓட்டுகிற நிலைக்குச் சில மாதம், சில்லும் பெயிண்டும் சேர்த்து முழு வேலைக்கு வருடக்கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கப் போகும்போது காந்தம், டார்ச், பழைய போர்வை, ஜாக்கி, ஸ்டாண்ட், சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சிலிண்டரின் கம்ப்ரெஷன் எண்களையும், சில் இரண்டின் படத்தையும், புகையின் நிறத்தையும் எழுதி அனுப்பினால் விலை எவ்வளவு பேசலாம் என்று சொல்கிறேன்.